படம் ஏன் இப்படி வந்தது? கையடக்க கேமராவில் குறை தேடும் வழி

கையடக்க கேமராவில் எடுத்த படம் சரியாக வரவில்லை என்றால், பெரும்பாலும் கேமரா கெட்டுப்போயிருக்காது. அதில் இருக்கும் ஏதோ ஒரு வசதி அந்த இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் பொருந்தாத வேலையைச் செய்திருக்கும். எது என்று படத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம், நொடியின் பங்காகச் சொல்வது), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்), ஜூம் அளவு எல்லாம் ஒவ்வொரு படத்தோடும் பதிவாகின்றன. எடுத்த படத்தைத் திரையில் பார்க்கும்போது டிஸ்ப்ளே பட்டனை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் அந்த எண்களில் முக்கியமானவை தெரியும். மற்றவற்றைக் கணினியில் பார்த்துக்கொள்ளலாம். மெனுவைக் குடைவதற்கு முன்பும், எல்லாவற்றையும் ரீசெட் செய்வதற்கு முன்பும், தயவுசெய்து இந்த எண்களைப் பாருங்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு சோனி ஆர்எக்ஸ்100 வரிசையை, அதிலும் 2014-இல் வந்த மூன்றாம் மாடலை வைத்துக்கொள்கிறேன். ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு), 24–70 மி.மீ. ஜூம் (சிறிய எண் அகலமான காட்சி, பெரிய எண் நெருக்கமான காட்சி), எஃப் 1.8–2.8 லென்ஸ், சட்டைப்பையில் அடங்கும் அளவு. கேனான் ஜி7 எக்ஸ் மாதிரி அதே வகைக் கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பட்டன்களின் பெயரும் சில எண்களும்தான் மாறும்.

படம் மங்கலாக வருகிறது

அதிகம் கேட்கப்படும் குறை இது. மங்கலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படம் முழுக்க ஒரே திசையில் இழுத்த மாதிரி, தெருவிளக்கு ஒரு சிறு கோடாக, எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது. ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 24 மி.மீ.-இல் 1/25, 70 மி.மீ.-இல் 1/80 என்ற அளவுக்குக் கீழே போனால் கை ஆட்டம் தெரிய ஆரம்பிக்கும் என்பது பழைய கணக்கு. லென்ஸில் இருக்கும் ஆட்டம் தடுக்கும் வசதி இதைவிடக் குறைந்த வேகத்திலும் காப்பாற்றும், ஆனால் அது இருக்கிறதே என்று ஒற்றைக் கையால் திரையைப் பார்த்தபடி எடுக்கக் கூடாது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு, பட்டனைக் குத்தாமல் மெதுவாக அழுத்துங்கள். தூண், சுவர், ஸ்கூட்டர் இருக்கை என்று எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள். ட்ரைபாடில் இரண்டு விநாடி டைமர் வைத்தால் பட்டனை அழுத்தும் அதிர்வும் போய்விடும்.

பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் மங்கலாக இருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆட்டம் தடுக்கும் வசதி உங்கள் கையைத்தான் பிடித்துக்கொள்ளும்; ஓடுகிற குழந்தையைப் பிடிக்காது. உட்கார்ந்து பேசும் மனிதருக்கு 1/125 பெரும்பாலும் போதும். பரதம் ஆடுபவருக்கு 1/500 வேண்டியிருக்கும், கால் தட்டும் நொடியில் அதற்கும் மேலே. மோடு டயலில் எஸ் வைத்து, வேகத்தை நீங்களே கொடுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டுவிடுங்கள். முழு ஆட்டோவில் கேமரா ஐஎஸ்ஓவைக் குறைவாக வைக்கப் பார்க்கும், அதற்காக ஷட்டரை மெதுவாக்கிவிடும். குருணை (பொடிப் பொடியான புள்ளிகள்) விழுந்த தெளிவான படத்தை வைத்துக்கொள்ளலாம். ஆட்டம் விழுந்த முகத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மூன்றாவது, படத்தில் எங்கோ ஓரிடம் கூர்மையாக இருக்கிறது, நீங்கள் நினைத்த இடம் மட்டும் இல்லை. இது ஃபோகஸ் பிழை.

பின்னால் இருக்கும் சுவர் தெளிவு, முகம் மங்கல்

ஃபோகஸ் இடத்தைக் கேமராவிடம் முழுதாக விட்டிருக்கிறீர்கள். பரந்த ஃபோகஸ் முறையில் கேமரா தனக்கு எளிதாகப் பிடிபடுவதைப் பிடிக்கும். வரிவரியான ஜன்னல் கம்பி பின்னால் இருந்தால் மிருதுவான கன்னத்தைவிட அதைப் பிடிப்பது அதற்குச் சுலபம். ஃபோகஸ் இடத்தை ஒரே புள்ளியாக மாற்றி, அதைக் கண்ணின் மேல் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்துங்கள். பச்சைக் கட்டம் வந்த பிறகு, விரலை எடுக்காமல் சட்டகத்தைச் சரிசெய்து முழுதாக அழுத்துங்கள். முகம் கண்டறியும் வசதி நேராகப் பார்க்கும் முகத்துக்கு நன்றாகவே வேலை செய்யும். பக்கவாட்டு முகம், கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு என்று வந்தால் அதை நம்ப முடியாது.

பாதி அழுத்தும் பழக்கம் இன்னொரு குறையையும் தீர்க்கும். ‘பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் எடுக்கிறது’ என்பார்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதி ஃபோகஸ் தேடுவதற்குப் போகிறது. முன்கூட்டியே பாதி அழுத்திக் காத்திருந்தால், மீதி அழுத்தும்போது படம் உடனே விழும். அப்படியும் தாமதம் இருந்தால் சிவப்புக் கண் தடுப்பு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். அது படத்துக்கு முன்பு ஃபிளாஷை மின்ன வைக்கும், நாம் அந்த மின்னலையே படம் என்று நினைத்துத் திரும்பிவிடுவோம்.

பூவுக்குப் பக்கத்தில் போனால் ஃபோகஸே ஆகவில்லை

ஜூம் அளவைப் பாருங்கள். ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடலில் அகல முனையான 24 மி.மீ.-இல் 5 செ.மீ. வரை நெருங்கலாம். 70 மி.மீ.-க்கு ஜூம் செய்துவிட்டால் குறைந்தது 30 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். பூவைப் பெரிதாக்க ஜூம் செய்து, அப்புறம் பக்கத்திலும் போனால் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும். ஜூமை முழுதாக விலக்கி, கேமராவையே பூவிடம் கொண்டுபோங்கள். கேமராவின் நிழல் பூவின் மேல் விழுந்தால் வெளிச்சம் வரும் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். பின்னணி அழகாகக் கரைய வேண்டும் என்றால் 70 மி.மீ.-இல் 30 செ.மீ. தூரத்தில் நின்று எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. பூவின் வடிவம் உப்பிப்போகாமல் இயல்பாக இருக்கும்.

ஃபோகஸ் ஆன பிறகும் முன் இதழ் மட்டும் தெளிவாக இருக்கிறதா? எஃப் 1.8-இல் அப்படித்தான் இருக்கும், அவ்வளவு நெருக்கத்தில் தெளிவின் ஆழம் மிகவும் குறைவு. அப்பர்ச்சரை நாமே வைக்கும் ஏ மோடில் எஃப் 5.6 வையுங்கள். எஃப் 11 வரை போக வேண்டாம். இவ்வளவு சிறிய சென்சாரில், சிறு துளை வழியே போகும் ஒளி சிதறிப் பரவிப் படம் முழுவதையும் லேசாக மழுக்கிவிடும்.

இரவிலும் வீட்டுக்குள்ளும் படம் குருணையாக இருக்கிறது

ஐஎஸ்ஓ எண்ணைப் பாருங்கள். 3200, 6400 என்று இருந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. அடுத்து ஜூம் அளவு. கையடக்க கேமராக்களின் விளம்பரத்தில் வரும் எஃப் 1.8 என்பது அகல முனைக்கு மட்டும். 2012-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100-ஐ முழுதாக ஜூம் செய்தால் அது எஃப் 4.9 ஆகிவிடும். அப்போது உள்ளே வரும் வெளிச்சம், எஃப் 1.8-இல் வருவதில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். அந்த இழப்பை ஈடுகட்டக் கேமரா ஐஎஸ்ஓ 400-ஐ 3000-க்குப் பக்கத்தில் ஏற்றும். குருணைக்கு ஜூம்தான் காரணம், கேமராவைக் குற்றம் சொல்லி என்ன பயன்? மாலை நேரத்தில் ஜூமைத் தொடாமல் நான்கு அடி முன்னே நடந்து போய் எடுங்கள். வித்தியாசம் அந்த நிமிடமே தெரியும்.

சென்சார் அளவும் இதில் சேர்கிறது. ஒரு அங்குல சென்சார் என்பது பெயர்தான், உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. பெரும்பாலான மலிவு விலைக் கையடக்க கேமராக்களில் இருந்த 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு வேறுபாடு. அதனால் சின்ன சென்சார் கேமராவில் ஐஎஸ்ஓ 800-லேயே எண்ணெய் பூசியது போல் தலைமுடி குழைந்துவிடுவது இயல்பு. குருணையை அழிக்கக் கேமரா செய்யும் வேலை, நுணுக்கங்களையும் சேர்த்தே அழிக்கிறது. குருணை நீக்கும் அளவைக் குறைத்து வையுங்கள், அல்லது ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுத்துக் கணினியில் நீங்களே பார்த்துச் செய்யுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவின் மேல் வரம்பை 3200 என்று கட்டிவிடுவதும் நல்லது.

வெளிச்சத்துக்கு எதிரே நின்றவர் கரியாகத் தெரிகிறார்

கேமரா சட்டகம் முழுவதன் வெளிச்சத்தையும் அளந்து நடுத்தரமாக வைக்கப் பார்க்கிறது. வானம் பாதிச் சட்டகத்தை நிறைத்தால், அதை அடக்கப் போய் முகத்தை இருட்டாக்கிவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் திருத்தத்தில் +1 கொடுங்கள். முகம் வந்துவிடும், வானம் வெளுத்துவிடும். இரண்டும் வேண்டும் என்றால் பகலிலேயே ஃபிளாஷ் போடுங்கள்.

பகலில் ஃபிளாஷா என்று கேட்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க ஆசை, ஏனென்றால் பெரிய கேமராக்களில் சுலபமாக வராத ஒரு வசதி இது. திரைபோல் ஓடும் ஷட்டர் உள்ள எஸ்எல்ஆர் கேமராக்களில், சாதாரண ஃபிளாஷோடு சேரும் வேகம் 1/200, 1/250 அளவில் நின்றுவிடும். கையடக்க கேமராக்களில் பெரும்பாலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ் இதழாக இருக்கிறது. அதைவிட வெகு வேகமாகவும் ஃபிளாஷ் சேரும். அதனால் உச்சி வெயிலில் வேகமான ஷட்டரால் வானத்தின் நீலத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அந்தச் சின்ன ஃபிளாஷாலேயே நெற்றியின் கீழ் விழும் கறுப்பு நிழலை நிரப்பலாம். ஆள் இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதே ஃபிளாஷ் சபாவின் பத்தாவது வரிசையிலிருந்து மேடைக்கு எட்டாது. முன்னால் இருப்பவர்களின் தலைகள் மட்டும் வெளுத்து, மேடை இருட்டாக வரும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கறுப்புப் பின்னணியை ஈடுகட்டத் திருத்தத்தில் −1 கொடுங்கள். பாடகரின் முகம் வெளுத்துப்போகாமல் இருக்கும்.

ஃபிளாஷ் போட்ட படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதந்தால் பயப்பட வேண்டாம். லென்ஸுக்கு வெகு அருகில் இருக்கும் தூசியோ மழைத்துளியோ ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இந்தக் கேமராக்களில் ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் இது அதிகம் வரும். தூறலில் ஃபிளாஷை அணையுங்கள்.

நல்ல வெயிலில் படம் வெளுத்துவிடுகிறது

ஏ மோடில் எஃப் 1.8 வைத்திருக்கிறீர்களா, ஷட்டர் வேகம் 1/2000 என்று மின்னுகிறதா என்று பாருங்கள். மூன்றாம் மாடலின் ஷட்டர் அதற்கு மேல் வேகமாகப் போகாது. அதன் லென்ஸில் ஒளி குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்று உள்ளேயே இருக்கிறது, வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும். மெனுவில் அதை ஆன் செய்யலாம். ஆனால் வீட்டுக்குள் வந்ததும் அணைக்க மறந்தால், அப்புறம் குருணைப் பகுதிக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும். ஆட்டோவில் வைப்பது நிம்மதி.

செம்பருத்தி ஒரே சிவப்புப் பூச்சாகத் தெரிகிறது

இதழின் நரம்புகள், பட்டுச் சேலையின் நெசவு எல்லாம் மறைந்து, சிவப்பு மட்டும் அப்பிக் கிடக்கும். சென்சாரின் சிவப்புப் பங்கு மற்ற இரண்டுக்கும் முன்பே நிரம்பி வழிந்திருக்கிறது. சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) இது தெரியாமல் போகலாம். மூன்று வண்ணங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வலது விளிம்பில் முட்டி நிற்கும். திருத்தத்தில் −0.7 கொடுத்து எடுங்கள். ‘விவிட்’ என்ற வண்ண அமைப்பு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். திருமணங்களில் அரக்கும் குங்குமச் சிவப்பும் நிறைய வரும் என்பதால் நான் அங்கே எப்போதும் இந்தக் குறைந்த அளவில்தான் தொடங்குவேன்.

மண்டபத்தில் எல்லாரும் மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் அது ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் அமைப்பு. மேடையில் மஞ்சள் விளக்கு, கூடத்தில் வெள்ளை எல்இடி, ஜன்னலில் பகல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்தால் ஆட்டோ தடுமாறும். ஆள் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லி, கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் பதிந்துகொள்ளுங்கள். இடம் மாறினால் மறுபடியும் பதிய வேண்டும்.

படத்தில் கறுப்புப் பட்டைகள், வீடியோவில் துடிப்பு

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல ட்யூப்லைட்டுகளும் எல்இடிகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன, கண்ணுக்குத் தெரியாது. நான்காம் மாடலிலிருந்து ஆர்எக்ஸ்100-இல் மின்னணு ஷட்டர் உண்டு, 1/32000 வரை போகும். அது சென்சாரை வரி வரியாகப் படிப்பதால், ஒவ்வொரு வரியிலும் விளக்கின் வேறு நிலை பதிவாகிப் பட்டையாகிறது. இயந்திர ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100 அல்லது 1/50 என்று வையுங்கள். ஓடும் பேருந்து சாய்ந்து தெரிவதற்கும் காரணம் இதே வரி வரியான வாசிப்புதான். வீடியோவுக்கு நொடிக்கு 25 அல்லது 50 சட்டகம், ஷட்டர் 1/50. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கேமரா என்றால் என்டிஎஸ்சி (NTSC) என்ற வீடியோ முறையில் 30, 60 என்று ஓடும். மெனுவில் 25, 50 என்று ஓடும் பிஏஎல் (PAL) முறைக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லலாம், படங்களை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

4கே வீடியோ ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால், நான்காம், ஐந்தாம் மாடல்களில் வெப்பத்தைக் கருதி வைத்த வரம்பே அதுதான்.

தேடும் வசதி மெனுவில் மங்கலாக இருக்கிறது

மோடு டயல் பச்சை ஆட்டோவில் இருக்கும். பி-க்கு மாற்றுங்கள், பாதி வசதிகள் உயிர்பெறும். மீதியை ரா அமைப்பு அடைத்திருக்கும். டிஜிட்டல் ஜூம், பட எஃபெக்ட்டுகள் எல்லாம் சாதாரணப் பட வடிவமான ஜேபெக்கில் மட்டுமே திறக்கும்.

வ்யூஃபைண்டரில் எல்லாம் மங்கல், எடுத்த படம் தெளிவு

மூன்றாம் மாடலின் வ்யூஃபைண்டர் மேலே எழும்பினால் மட்டும் போதாது. கண் வைக்கும் பகுதியை உங்களை நோக்கி இழுக்க வேண்டும். பிறகு அதன் மேலுள்ள சிறு நெம்பியை உங்கள் பார்வைக்கு ஏற்ப நகர்த்துங்கள். வ்யூஃபைண்டரைக் கீழே தள்ளினால் கேமராவே அணைந்துவிடுவதும் அந்த மாடலின் இயல்பு.

கார்டு, பேட்டரி

‘கார்டு பூட்டப்பட்டுள்ளது’ என்று வந்தால் கார்டின் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை மேலே தள்ளுங்கள். பழைய கேமரா 64 ஜிபி கார்டை ஏற்கவில்லை என்றால் அது 32 ஜிபிக்கு மேல் தெரியாத காலத்துக் கேமரா. ஃபார்மேட்டை எப்போதும் கேமராவிலேயே செய்யுங்கள். படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டால் அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை வெளியே எடுத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் மீட்டுப் பாருங்கள். மேலே எதுவும் எழுதப்படாதவரை வாய்ப்பு நன்றாகவே இருக்கும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்பவர்கள் முதலில் வைஃபையை அணைத்து, ஏரோபிளேன் மோடு போடுங்கள். இந்த அளவுக் கேமராவில் ஒரு சார்ஜுக்கு 200 முதல் 330 படம் என்பதே தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. நாள் முழுக்க வெளியே போனால் இரண்டாவது பேட்டரி தேவை. உப்பிய பேட்டரியை உள்ளே தள்ளாதீர்கள், வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும்.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி

சென்சாரில் தூசி. லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது, சட்டைப்பையின் நூல் தூசியும் கூடவே போகிறது. உறுதிசெய்ய எஃப் 11 வைத்து வெறும் வானத்தை எடுங்கள், பிறகு எஃப் 2.8-இல். முதல் படத்தில் புள்ளி அழுத்தமாகவும் அடுத்ததில் கரைந்தும் தெரிந்தால் தூசிதான். லென்ஸ் பிரிக்க முடியாத கேமரா என்பதால் நாமே துடைக்க வழியில்லை. வேக்யூம் கிளீனரை லென்ஸ் வாயில் வைத்து இழுக்கும் வழியைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். ஜூம் இயந்திரமும் மெல்லிய ஷட்டர் இதழ்களும் இருக்கும் இடத்தில் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். புள்ளி இருட்டாக இல்லாமல் சிவப்பாகவோ நீலமாகவோ ஒளிர்ந்தால் அது தூசி இல்லை, சென்சாரின் ஒரு பிக்சல் கோளாறு. சில கேமராக்களின் மெனுவில் பிக்சல் மேப்பிங் இருக்கும், அதை ஓட்டிப் பாருங்கள்.

படம் முழுக்கப் புகைபோல் இருந்தால் லென்ஸின் முன்பக்கம் விரல் ரேகை இருக்கும். முதலில் தூசியை ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். ஏசி அறையிலிருந்து சென்னைக் கடற்கரைக் காற்றுக்கு வந்தவுடன் மூடுபனி படிந்தால், துடைக்காமல் கால் மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். வலைபோல் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை. மழைக்காலத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது அது வராமல் தடுக்கும். வந்த பிறகு அது நம் கையில் இல்லை.

லென்ஸ் நீள மறுக்கிறது, கரகரவென்ற சத்தம்

கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து, முழு சார்ஜோடு போட்டுப் பாருங்கள். சார்ஜ் குறைந்து பாதியில் நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். மணல் புகுந்திருந்தால் லென்ஸ் குழாய்களின் இடைவெளியில் கை ஊதியால் ஊதலாம். இழுக்கவோ, திருகவோ, தட்டவோ வேண்டாம். உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள் பிளாஸ்டிக். இதற்கும் மேல் சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்யாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது கார்டை எடுத்துக்கொண்டு, குறையைக் காட்டும் படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள். கரும்புள்ளி என்றால் அந்த எஃப் 11 வானப் படம்; ஃபோகஸ் என்றால் ட்ரைபாடில் செய்தித்தாளை எடுத்த படம். ‘சோதித்ததில் குறை தெரியவில்லை’ என்று கேமரா திரும்பி வருவது அநேகமாக இந்தப் படங்கள் கூடப் போகாததால்தான்.